எழுத்துரு போனால் கோப்பும் போகும்

ஆவணங்களை மின்மயமாக்குகிறோம் என்று யார் சொன்னாலும், பழைய காகிதத்தை ஸ்கேன் செய்வதைத்தான் சொல்கிறார்கள். அது வேண்டிய வேலைதான். ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள கம்பெனிக் காலத்துக் காகிதத்தை இன்றும் எடுத்துப் படிக்கலாம். 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் கணினியிலேயே பிறந்த தமிழ்க் கோப்புகளை அப்படிப் படிக்க முடிவதில்லை. முதலில் காப்பாற்ற வேண்டியவை அவைதான்.

நீண்டகாலம் டிடிபி வேலை பார்த்தவள் நான். இப்போது ஓர் இலக்கியச் சங்கத்தின் பழைய பிளாப்பிகளையும் சிடிகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். சில பிளாப்பிகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. மற்றவற்றைப் படிக்க யுஎஸ்பியில் செருகும் கருவி கடையில் கிடைக்கிறது. அன்றைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. பழைய கணினி ஒன்றில் அதுவும் ஓடுகிறது. கோப்பைத் திறந்தால், ‘இந்த எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போடட்டுமா?’ என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் செயற்குழுத் தீர்மானம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும்.

காரணம் எளிது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் தமிழாகவே இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் அது வட்டில் கிடக்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு. வேறு நிறுவனத்தின் எழுத்துரு என்றால் அதே சொல்லுக்குக் குறிகளும் வேறு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. அச்சகங்களோ கையில் இருந்த எழுத்துருவிலேயே காலம் தள்ளின. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறி (யூனிகோட்), டேஸ்16 என்ற குறியாக்கங்களைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் சேர்ந்த கோப்புகள் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன.

மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த எழுத்துரு என்று நாம்தான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும். சரியாகச் சொன்னாலும், நடுவில் ஆங்கிலத்தில் இருந்த வங்கிப் பெயரையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். வரிக்கு வரி ஓர் ஆள் பார்த்தாக வேண்டும். குறிகளைக் கண்டதும் இது இன்ன எழுத்துரு என்று சொல்லக்கூடியவர்கள் அன்றைய டிடிபிக்காரர்கள். பலருக்கு அறுபதை நெருங்கும் வயது. கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்களும் உண்டு. காப்பகங்கள் அவர்களை இப்போதே கூலி கொடுத்து அழைக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், கணினியில் உருவானதையும் பதிவேடு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் 25 ஆண்டு கடந்த பின் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று மதிப்பிடும் நடைமுறை காகிதத்துக்கு ஏற்பட்டது. பிளாப்பியும் சிடியும் அதுவரை தாங்கும் என்று நம்பி உட்கார முடியாது. கோப்பு உருவாகும் நாளிலேயே அது நிரந்தரமா, கழிக்கத்தக்கதா என்று குறித்துவிட வேண்டும்.

மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. அதனுடன் அந்த எழுத்துருவையும் ஒருங்குறிப் பிரதியையும் சேர்த்து வைக்க வேண்டும். பக்க அமைப்பு முக்கியம் என்றால் பிடிஎஃப்/ஏ வடிவில் ஒன்று. எழுத்துருவைத் தனக்குள்ளேயே பொதிந்து வைக்கும் அந்த வடிவம் 2005 முதல் சர்வதேசத் தரம். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்ப்பு எண் கொண்டு சோதித்து, சிலவற்றைத் திறந்தும் பார்க்க, பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள் இந்த ஒருவரின் சம்பளத்துக்கும் ஒதுக்கட்டும்.