விற்றால்தான் திரும்பும் கடன்

கடன் கேட்டு வருவோரிடம் வங்கியாளர்களாகிய நாம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். கடன் எப்போது திரும்பும்? தொழில் நொடித்தால் இழப்பை யார் ஏற்பார்? உலகின் பெரிய பயணிகள் விமானங்களுள் பெரும்பாலானவற்றைத் தயாரிக்கும் ஏர்பஸ், போயிங் நிறுவனங்களுக்கு அரசுகள் அளித்துவந்த உதவியையும் இக்கேள்விகளைக் கொண்டே எடைபோடலாம்.

1970-இல் பிரான்சும் ஜெர்மனியும் முன்னின்று உருவாக்கிய ஏர்பஸ், புதிய விமானங்களை வடிவமைக்க ஐரோப்பிய அரசுகளிடம் கடன் பெற்றது. விமானங்கள் விற்க விற்கக் கடனை அடைப்பதே ஏற்பாடு. விற்காவிட்டால் இழப்பு வரி செலுத்துவோரைச் சேரும். எதிர்பார்த்த அளவு விற்காத ஏ380, 251 விமானங்களோடு 2021-இல் நின்றுபோனது. போயிங்கிற்கோ வாஷிங்டன் மாநிலத்தின் வரிச்சலுகையும் நாசாவின் ஆராய்ச்சி நிதியும் துணைநின்றன. கடன் கணக்கேட்டில் நிற்கும்; வசூலிக்காமல் விட்ட வரி எளிதில் கண்ணில் படுவதில்லை.

2004-இல் இரு தரப்பும் ஒன்றன்மீது ஒன்று உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. இரண்டின்மீதும் தவறு உண்டென்று முடிவாயிற்று. ஆண்டுக்கு 750 கோடி டாலர் வரை பதில் நடவடிக்கை எடுக்க அமெரிக்காவுக்கு 2019-இலும், ஏறத்தாழ 400 கோடி டாலர் வரை எடுக்க ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2020-இலும் அனுமதி கிடைத்தது. ஸ்காட்லாந்து விஸ்கிக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. விமானத்துக்கு ஒரு திருகாணியும் செய்யாதவர்கள் தண்டம் சுமந்தனர். 2021 ஜூனில்தான் ஐந்தாண்டு இடைநிறுத்தத்துக்கு இரு தரப்பும் இசைந்தன.

அரசு உதவியே கூடாது என்பது நம் கருத்தன்று. அவ்வுதவியின்றி ஏர்பஸ் தலையெடுத்திருப்பது அரிது. போட்டி இல்லையேல், விமானம் வாங்குவோர் ஒரே விற்பனையாளர் சொல்லும் விலைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். 2023-இல் ஏர் இந்தியா, 470 விமானங்களை ஏர்பஸ்ஸுக்கு 250, போயிங்கிற்கு 220 எனப் பகிர்ந்து வாங்க முன்வந்ததும் அப்போட்டி இருந்ததால்தான்.

ஆயினும் உதவிக்கு வரம்பு வேண்டும். வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர், வருமானம் குறைந்த மாதத்திலும் தவணையைச் செலுத்துகிறார். அவருடைய வரிப்பணத்தைப் பெறும் பெருநிறுவனத்திடம் அதே ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையே. வட்டி, தவணை, சலுகை முடியும் நாள் ஆகிய மூன்றும் முன்கூட்டியே எழுதப்பட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இழப்பில் மக்களுக்குப் பங்கு உண்டெனில் இலாபத்திலும் உண்டு. இவை எழுதப்படாத உதவியை எந்த நாட்டரசு அளித்தாலும், அதனைக் கடன் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.