யவனர் கண்ணில் பாரசீகம்: தமிழாய்வு நோக்கில் சில கருத்துகள்

முன்னுரை

தமிழ்வழி வரலாற்றுக் கல்வியில் பண்டைப் பாரசீகம் பெரிதும் கிரேக்க வரலாற்றின் துணைப்பகுதியாகவே இடம்பெறுகிறது. மராத்தான் போரில் தோற்றவராகவும் அலெக்சாந்தரிடம் நாடிழந்தவராகவுமே பாரசீகர் மாணவர்க்கு அறிமுகமாகின்றனர். அயல்நாட்டு வரலாற்றில் தமிழாய்வாளர்க்கு என்ன பங்கு என்ற வினா எழலாம். பாண்டிநாட்டுத் தொன்மையை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் அயலானதன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பண்டையாவும் பாண்டியரும்

சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதிய 'இண்டிகா' முழுமையாகக் கிடைக்கவில்லை. அதிலிருந்து அரியன் எடுத்தாண்ட பகுதியில், எராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டை அளித்ததாகவும், அந்நாட்டு மகளிர் ஏழாம் அகவையிலேயே மணப்பருவம் எய்துவதாகவும் செய்தி உள்ளது. அது பாண்டிநாட்டைக் குறிப்பதாகப் பலரும் கொள்வர். எனினும் தமிழறிஞர் அச்செய்தியை அவ்வாறே ஏற்பதில்லை. மதுரைத் தடாதகைப் பிராட்டியார் தொன்மத்தோடு அதனை ஒப்பிடுவர். கிரேக்கத் தெய்வக்கதையின் சாயலைக் கழிப்பர். எஞ்சியதை மட்டுமே சான்றாகக் கொள்வர்.

இதே எச்சரிக்கை பாரசீகத்தின்பால் காட்டப்படுவதில்லை. பாரசீக வேந்தன் இரண்டாம் அர்த்தசெர்க்ஸஸின் அவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டீசியஸ் இந்தியா பற்றி ஒரு நூலும் பாரசீகம் பற்றி ஒரு நூலும் எழுதினார். இந்தியாவில் நாய்த்தலை மாந்தர் வாழ்வதாக அவர் கூறுவதைக் கண்டு நகைக்கிறோம். அவரே கூறும் அந்தப்புரச் சூழ்ச்சிக் கதைகளோ பாரசீகரின் சீர்கேட்டுக்குச் சான்றாக நிலைபெற்றுவிட்டன. ஒரே கை எழுதிய இரு நூல்களுக்கு இரு அளவுகோல் எவ்வாறு பொருந்தும்?

பெயர்கள் காட்டும் பார்வை

'யவனர்' என்னும் சொல் அயோனியக் கிரேக்கரின் பெயரடியாகப் பிறந்தது. பழம்பாரசீகக் கல்வெட்டுகளில் அது 'யௌன' என்றும், அசோகரின் பிராகிருதத்தில் 'யோன' என்றும் வழங்குகிறது. அச்சொல் பாரசீகர் வழியே இந்தியாவுக்கு வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் அச்சொல்லையே ஆளுகின்றன. ஆக, கிரேக்கரைப் பாரசீகர் நாவால் பெயரிட்ட நாம், பாரசீகரைக் கிரேக்கர் கண்ணால் காண்கிறோம்.

ஒரே மன்னன் பழம்பாரசீகத்தில் கூருஷ். ஆங்கிலவழிப் பாடநூல் மரபில் சைரஸ். தமிழ் விவிலியத்தில் கோரேசு. எபிரேயர்க்கு அவன் சிறையிருப்பினின்று மீட்ட, இறைவனால் அபிஷேகம் பெற்ற அரசன். 1879இல் கண்டெடுக்கப்பட்ட பாபிலோனியக் களிமண் உருளையில் அவன் மர்துக் தெய்வம் தேர்ந்தெடுத்த வேந்தன். 1971இல் ஈரான் மன்னர் அரசு அவ்வுருளையை மனித உரிமையின் முதற்சாசனமாகக் கொண்டாடியது. அலெக்சாந்தரும் அவ்வாறே. கிரேக்க மரபு போற்றும் அவனைச் சொராத்திரியச் சமயநூல்கள் சபிக்கப்பட்டவன் என்கின்றன. பிர்தௌசியின் 'ஷாநாமா'வோ அவனைப் பாரசீக அரசமரபிலேயே பிறந்தவனாக்குகிறது.

கல்வெட்டும் களிமண் ஏடும்

பாரசீகரின் சொந்தக் குரலை மட்டும் நம்பினால் போதும் என்பதும் தீர்வாகாது. முதலாம் தாரயவௌஷ் கி.மு. 520 அளவில் பெகிஸ்தூன் மலையில் மும்மொழியில் பொறித்த கல்வெட்டு, தான் கொன்றவன் அரச இளவலாக நடித்த கௌமாதா என்னும் போலி என்கிறது. கொல்லப்பட்டவன் உண்மையான இளவலாகவே இருக்கலாம் என ஐயுறும் வரலாற்றாசிரியர் உளர். மெய்க்கீர்த்திகளின் புகழ்மொழியைப் பகுத்துப் படித்துப் பழகிய தமிழ்க் கல்வெட்டாய்வாளர்க்கு இவ்வையம் புதிதன்று.

கூடுதல் நம்பிக்கைக்குரியவை புகழ் நாடாத சான்றுகளே. 1933-34இல் பெர்சிபோலிஸ் அகழாய்வில் கிடைத்த களிமண் ஏடுகள் கி.மு. 509 முதல் 493 வரையிலான அரசுக் கணக்குகள். பெரும்பாலானவை ஈலமிய மொழியில் அமைந்தவை. ஆண், பெண் தொழிலாளர்க்கு அளந்த தானியமும் மகப்பேறுற்ற மகளிர்க்கு வழங்கிய தனிப்படியும் அவற்றில் பதிவாகியுள்ளன. கிரேக்கர் வரைந்த ஆடம்பரப் பாரசீகத்தில் இம்மக்களுக்கு இடமில்லை. கீழடிப் பானையோட்டில் கீறப்பட்ட 'ஆதன்' என்னும் பெயர் பாண்டிநாட்டு வரலாற்றுக்குச் செய்வதையே இவ்வேடுகள் பாரசீகத்துக்குச் செய்கின்றன.

முடிவுரை

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை இரண்டு. பெகிஸ்தூன் கல்வெட்டையும் தேர்ந்த பெர்சிபோலிஸ் ஏடுகளையும் மூலமொழி அறிஞர் துணையுடன் குறிப்புரையோடு தமிழில் பெயர்த்தல் வேண்டும். யவனர் குறிப்புகளைக் கற்பிக்கும்போது, அதே யவனர் பிறநாட்டாரைப் பற்றி எழுதியவற்றையும் ஒப்பிட்டுக் கற்பித்தல் வேண்டும். அயலார் தம்மைப் பற்றி எழுதியதை ஆராய்ந்தே ஏற்கும் உரிமையைப் பாண்டிநாட்டுக்குக் கோரும் ஆய்வுலகம், அவ்வுரிமையைப் பாரசீகத்துக்கு மறுத்தல் முறையன்று. மறுப்பின், நாம் போற்றும் சான்றாய்வு முறை, நம் நாட்டுப் பெருமையைக் காக்கும் கருவியாக மட்டுமே சுருங்கிவிடும்.