நோட்டு வளைகுடாவுக்கு வராது

“எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரே செயலியில் வைப்பதா? 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் செயலியில் திருடுபோனது போதாதா? நோட்டில் எழுதுங்கள்” என்கிறார் நண்பர். அன்று தள முகவரிகள் மறையாக்கமின்றிக் கிடந்தது பெரும் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடவுச்சொற்கள் மறையாக்கத்தோடுதான் இருந்தன. செயலியைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை எளிதாக வைத்தவர்களுக்கே பெரிய ஆபத்து.

பலர் வளைகுடாவில் வேலை செய்யும் ஏர்வாடி போன்ற ஊரில் நோட்டின் கதி என்ன? கணவர் வளைகுடாவில், நோட்டு வீட்டு பீரோவில். அவசரமென்றால் மனைவி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இரண்டு போன்களின் கேலரியிலும் எல்லாமே திறந்து கிடக்கிறது. இதுவா பாதுகாப்பு?

பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் செயலிகளில் மறையாக்கம் போனிலேயே முடிந்துவிடுகிறது. சர்வருக்குப் போவது பூட்டிய வடிவம். எந்த நிறுவனத்தையும் நம்பாதவர் கீபாஸ் செயலியை வைத்துக்கொள்ளலாம், கோப்பு அவர் கையிலேயே இருக்கும். நோட்டில் எழுதத் தகுந்தது நீளமான அந்த முதன்மைக் கடவுச்சொல் மட்டுமே. அதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.