ராணுவ நர்ஸுகளின் முதல் ஸ்தலம்

செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பெண் ராணுவ நர்ஸாகச் சேரப் போகிறாள் என்றால், பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று, "எந்த ஊரில் போடுவார்கள்?" என்பதே. மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு, தேவனேரி முதலிய மீனவர் குப்பங்களாயினும், மதுராந்தகத்து ஏரியை நம்பிய குடியானவர் வீடாயினும் கேள்வி ஒன்றுதான். இதைக் கோழைத்தனமென்று ஏசும் தேசாபிமானிகள் சிலர் உண்டு. நாம் அவர்களோடு சேர மாட்டோம். கேள்வி நியாயமானது, அதற்குச் சர்க்கார் நியாயமான விடை சொல்லவேண்டும்.

ராணுவ நர்ஸிங் சர்வீஸில் சேர வழிகள் இரண்டு. புனா, கல்கத்தா, பம்பாய், டில்லி, லக்ஷ்மணபுரி, பெங்களூர் ஆகிய ஆறு இடங்களிலுள்ள ராணுவ நர்ஸிங் கல்லூரிகளில் நான்கு வருஷம் படிப்பது ஒன்று. வருஷத்துக்கு 220 ஸ்தானங்கள். அவற்றிற்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி. மற்றொன்று, வெளிக் கல்லூரியில் நர்ஸிங் பட்டம் பெற்றபின் குறுகிய கால உத்தியோகத்துக்கு நேரே தேர்வாவது. எவ்வழியில் வந்தாலும் தோளில் இரண்டு நட்சத்திரம் ஏறுகிறது. லெப்டினென்டு என்ற பட்டம் கிடைக்கிறது. அதன்பின் முப்படை ஆஸ்பத்திரிகளில் ஏதேனும் ஒன்று அவளுடைய முதல் ஸ்தலமாகிறது. தேசத்தில் எங்கு அனுப்பினும் செல்வேன் என்று ஒப்புக்கொண்டே அவள் சேருகிறாள். ஸ்தலத்தை நிர்ணயிப்பது சர்க்காரின் உரிமை. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. பெண்ணை வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் மனுப் போடவுமில்லை.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை விவேகத்தோடு செலுத்துவது வேறு. கல்லூரியில் நான்கு வருஷம் இருந்தவள் ராணுவ ஆஸ்பத்திரியின் நடைமுறையை அறிவாள். பல மாகாணத்துச் சிப்பாய்களைக் கவனித்துப் பழகியிருப்பாள். ஹிந்துஸ்தானியும் நாவில் ஏறியிருக்கும். செங்கற்பட்டில் படித்துவிட்டு நேரே சேரும் பெண்ணின் நிலை அப்படியா? 1965-ல் ஏற்பட்ட சர்க்கார் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அவள் கண்ட நோயாளிகள் திருக்கழுக்குன்றத்தாரும் செய்யூராரும், எல்லோரும் தமிழர். அத்தகையவளை எடுத்த எடுப்பில் வடகோடி எல்லைப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலைக்கு நிறுத்தினால் என்ன ஆகும்? நடுநிசியில் ஒரு கடுவாலிச் சிப்பாய் தன் வயிற்று வலி எப்படி ஆரம்பித்தது என்று சொல்வதை அவள் எங்ஙனம் புரிந்துகொள்வாள்? மருந்துப் பெயர்கள் எங்கும் இங்கிலீஷில் இருக்கலாம். வலியை எவனும் இங்கிலீஷில் சொல்வதில்லை. இதனால் நஷ்டமடைகிறவன் அந்தச் சிப்பாய்.

ஆகவே நேரே சேருபவர்களுக்கு முதல் வருஷம் சென்னை, வெல்லிங்டன், பெங்களூர் போன்ற இடங்களில், அனுபவமுள்ள மூத்த நர்ஸுகளின் கீழ் அமையவேண்டும். அவ்வருஷத்துக்குள் ஹிந்துஸ்தானியும் கற்பிக்கப்படவேண்டும். பிறகு லடாக்குக்கும் அனுப்பட்டும், அஸ்ஸாமுக்கும் அனுப்பட்டும். ஸ்தலம் இன்ன விதிப்படி நிர்ணயமாகிறது என்பதைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட்டு, உத்தரவு கைக்குக் கிடைப்பதற்கும் வேலை ஏற்பதற்கும் இடையே போதிய அவகாசமும் தரவேண்டும். இவற்றால் ராணுவக் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று எந்த நிபுணரும் சொல்லார்.

பெற்றோரின் அச்சத்துக்கு வேறொரு வேரும் உண்டு. விவாகம் செய்துகொண்டால் ராணுவ நர்ஸை வேலையிலிருந்து நீக்கலாம் என்று 1977-ஆம் வருஷத்து ராணுவ உத்தரவு ஒன்று கூறிற்று. அதன்படி 1988-ல் லெப்டினென்டாயிருந்த ஒரு பெண் வெளியேற்றப்பட்டாள். அவள் மணந்ததோ ஒரு ராணுவ மேஜரை! அந்த உத்தரவு 1995-ல் ரத்தாயிற்று. எனினும் அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று சுப்ரீம் கோர்ட் முடிவாகத் தீர்ப்பளித்து, 60 லக்ஷம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பின் கிடைத்த நியாயத்தைக் கண்டு ஊரார் உடனே நம்பிக்கை கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது அறியாமை.

இவ்வுத்தியோகத்தை இழிவாகப் பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. 1782-ல் நமது சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் மோதியபோது, காயம்பட்டவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருத்தியும் கிடையாது. ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கென்று பத்து நர்ஸுகள் பிரிட்டனிலிருந்து பம்பாயில் வந்திறங்கியது 1888-ல். அந்தச் சிறு ஆரம்பத்திலிருந்து வளர்ந்த சர்வீஸைச் சேர்ந்த ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம், 1976-ல் மேஜர் ஜெனரலானார். இந்தியப் படைகளில் அப்பதவியை முதன்முதல் எய்திய ஸ்திரீ அவரே.

செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போவோர் தினமும் பரங்கிமலையைத் தாண்டுகிறார்கள். அங்கே ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1992 முதல் ஸ்திரீகளும் அங்கே பயில்கிறார்கள். ராணுவ நர்ஸுகளுக்கு மட்டும் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி இல்லை. மிக அருகிலுள்ளது பெங்களூர். சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரி இருக்கும்போது அதையொட்டி ஏழாவது கல்லூரியை ஏன் ஏற்படுத்தக் கூடாது? காஞ்சீபுரம், ஸ்ரீபெரும்புதூர் தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே பாதுகாப்பு மந்திரியை இது பற்றிக் கேட்கவேண்டும். முதல் ஸ்தல நியமன விதிகளைச் சபையின் மேஜைமீது வைக்கும்படியும் கோரவேண்டும்.