செய்கூலி திரும்பி வருமா?

ஐரோப்பியப் பழைய வெள்ளிப் பாத்திரங்களை வாங்கி வைத்தால் நல்ல முதலீடு என்று சொல்பவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். செய்கூலி திரும்பி வருமா?

நகைக்கடைப் படி ஏறிய எவருக்கும் இது புரியும். பழைய நகையைப் போட்டால் எடைக்குத்தான் காசு. செய்கூலி போனது போனதுதான். 18ஆம் நூற்றாண்டு லண்டன் தேநீர்க் கெண்டிக்கும் பெரும்பாலும் இதே கதி. பால் டி லாமெரி, பால் ஸ்டோர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் வேலைக்குத்தான் வெள்ளியின் விலையைப் பல மடங்கு தாண்டிய விலை. மற்ற பட்டறைகளின் கரண்டியும் தட்டும் உருக்கு விலையை ஒட்டியே கிடக்கின்றன. வாங்கும்போது ஏலக்கூடத்துக்குக் கமிஷன், பெரிய இடமென்றால் கால் பங்குகூட ஆகும். விற்கும்போது இன்னொரு கமிஷன். வெள்ளி ஏறும் என்றுதான் நம்பிக்கையா? அப்போ கட்டி வெள்ளி வாங்கிக்கொண்டு போங்களேன், பாவம் கெண்டி என்ன செய்தது?

முத்திரை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். 1478 முதல் ஆண்டெழுத்து, 1544 முதல் நடக்கும் சிங்கம். ஆனால் 1720இல் அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி வந்ததும் தட்டார்கள் என்ன செய்தார்கள்? சின்னத் துண்டுக்கு முத்திரை வாங்கி, அதை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்தார்கள். மகா கலைஞன் லாமெரியின் பட்டறையே இதற்கு விலக்கில்லை. பிறகு விக்டோரியா காலத்தில் வெறும் கரண்டிகளில் பழக்கொத்து புடைத்து அலங்காரமாக்கினார்கள். முத்திரை நிஜம், கரண்டி பாதிப் பொய். மெழுகுவத்திக் கால்களுக்குள் பிசின் நிரப்பியிருக்கும். அதை வெள்ளி என்று எடை போட்டால் ஏமாந்தீர்கள்.

காசு போவது வாங்குகிறவர் பாடு. எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். 14ஆம் லூயி போர்ச் செலவுக்காக 1689இல் வெர்சாயின் வெள்ளி மேசை நாற்காலிகளை உருக்கினான். அவனாவது அரசன். 1980 ஜனவரியில் டெக்சாஸின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப் போட்டு, விலை அவுன்ஸுக்கு 50 டாலரைத் தொடப் போனபோது, சாதாரண வீட்டுக்காரர்கள் தாத்தா காலத்துத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உலைக்கு ஓடினார்கள். மார்ச் கடைசியில் விலை 11 டாலர் அளவுக்கு விழுந்தது. விலை விழுந்தது, அடுத்து ஏறவும் ஏறும். உருகிய தட்டு? அதில் சுத்தி பட்ட தடம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. முதலீடு என்ற கணக்கோடு வாங்குகிறவன் அந்த உலைக்கு முன்பணம் கட்டுகிறான்.

ஆசைப்பட்டால் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஒரு கரண்டி போதும். அதன் காம்பில் மூச்சு விட்டுப் பாருங்கள். யாரோ சுரண்டி அழித்த குடும்பச் சின்னம் ஒரு நொடி ஆவியில் தெரிந்தாலும் தெரியும். அப்புறம் தினமும் அதிலேயே சாப்பிடுங்கள். முட்டைக்கு மட்டும் வேண்டாம், கறுத்துவிடும்.