தலையைக் கொஞ்சம் சாய்ங்க மேடம்!



'தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்ங்க... சிரிங்க, ஆனா பல்லு தெரிய வேண்டாம்... முந்தானையை முன்னால விடுங்க.' போட்டோ ஸ்டூடியோவில் இந்த வசனத்தைக் கேட்காத பெண்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவுக்கு ஒரு தினுசு. வேலைக்கு அப்ளிகேஷன் போட இன்னொரு தினுசு. வளைகாப்புக்கு வயிற்றில் கை வைத்தபடி ஒன்று. ஆள் ஒருத்திதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது!

இதையே கலையாகச் செய்த பெண்கள் இருக்கிறார்கள். வேஷம் போடுவதும் அவர்களே, கேமரா முன்னால் நிற்பதும் அவர்களே. 'மாடர்ன் ஆர்ட்டா? நமக்கெதுக்கு அது?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பூஜை அறை வரைக்கும் வருகிற விஷயம் இது.

அமெரிக்காவின் சின்டி ஷெர்மன் நியூயார்க் வந்து சேர்ந்தது 1977-ல். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. பழைய துணிக் கடைகளில் வாங்கிய கவுன், விக், கோட்டு என்று மாட்டிக்கொண்டு தன்னையே படம் எடுக்க ஆரம்பித்தார். 1980 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் சுமார் 70. எல்லாமே சினிமா ஸ்டில் மாதிரி இருக்கும். ஆனால் அப்படி ஒரு சினிமாவே கிடையாது! படங்களுக்குத் தலைப்பும் இல்லை, வெறும் நம்பர்தான். சிலவற்றை நண்பர்களும் அவருடைய அப்பாவும் க்ளிக் செய்து கொடுத்தார்கள்.

அதில் பத்தாம் நம்பர் படம் என்னை விடவே இல்லை. சமையலறைத் தரையில் ஒரு பெண் குந்தியிருக்கிறாள். மளிகைப் பை கிழிந்து சாமான்கள் கீழே கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்க வந்தவள், பாதியில் நிமிர்ந்து யாரையோ பார்க்கிறாள். அந்த யாரோ படத்தில் இல்லை.

யார் அது? கணவனா? மாமியாரா? திட்டப் போகிறார்களா, உதவ வருகிறார்களா? படத்தை நம் ஆபீசில் சிலரிடம் காட்டினேன். ஒருவர்கூட 'தெரியலை' என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். எல்லாக் கதையிலும் அந்தப் பெண் பயந்துதான் இருந்தாள். ஷெர்மன் கொடுத்தது ஒரு பார்வையும் கொஞ்சம் மளிகைச் சாமானும்தான். பயந்த மனைவி எங்கிருந்து வந்தாள்? நாமே ஏற்கெனவே தலைக்குள் எழுதி வைத்திருந்த கதையில் இருந்துதானே!

இந்த வரிசை முழுவதையும் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1995-ல் வாங்கியது. 'இவையெல்லாம் என் சுயசித்திரங்கள் இல்லை' என்பதுதான் ஷெர்மன் எப்போதும் சொல்வது. முகம் அவருடையது. பெண் வேறு யாரோ.

இனி நம் பக்கம் வருவோம். பெங்களூருவின் புஷ்பமாலா சிற்பக்கலை படித்தவர். தொண்ணூறுகளில் கேமரா முன்னால் வந்தார். அங்கேயே வசிக்கும் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை, தென்னிந்தியப் பெண்கள் என்று உலகம் பார்த்துப் பழகிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் தானே போய் நின்றார். ஓவியர் ரவி வர்மாவின் லட்சுமியாக நின்றார். வேளாங்கண்ணி மாதாவாக நின்றார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி உடம்பை அளந்து எடுத்த படங்களைப் போல, தோடர் பெண்ணாகவும் நின்றார். ஜெயலலிதா நடித்த தமிழ்ப் படம் ஒன்றின் ஸ்டில்லைப் பார்த்து, கையில் சாட்டையோடும் நின்றார்.

அந்தச் சாட்டைக்காரியை நமக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? திமிர் பிடித்த பணக்கார வீட்டுப் பெண். இடைவேளை வரை ஆட்டம். அப்புறம் ஹீரோ 'திருத்தி' விடுவார். கடைசி ரீலில் புடவை, குங்குமம். தியேட்டரில் கைதட்டியவர்களில் பெண்களும்தானே இருந்தோம்?

லட்சுமி படத்துக்கு வருகிறேன். 1894-ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, அவருடைய தெய்வங்கள் வீடு வீடாகப் போனார்கள். பிற்பாடு காலண்டர், தீப்பெட்டி, பாத்திரக் கடை விளம்பரம் என்று அந்த முகம் போகாத இடமில்லை. 'மகாலட்சுமி மாதிரி இருக்கா' என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும்போது நம் மனசில் வருவது பெரும்பாலும் அந்தக் காலண்டர் முகம்தான். அதே இடத்தில் நாற்பது வயது தாண்டிய ஒரு நிஜப் பெண், நிஜ முகத்தோடு நின்றால்? புஷ்பமாலாவின் படத்தில் வரைந்த திரை வரைந்த திரையாகவே தெரிகிறது. வேஷம் வேஷமாகவே தெரிகிறது. அது தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார். இந்த செட்டெல்லாம் எப்படித் தயாரானது என்பதையும் தனி வரிசையாகவே காட்டியிருக்கிறார். கேலி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த உருவங்கள்மேல் அவருக்குப் பாசமும் இருக்கிறது.

சொல்லப் போனால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாமியாராகவும், எடுத்துவிட்டு மருமகளாகவும் ஒருத்தியே நடிக்கிற ரீல்ஸ்கூட இந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஒரு வருத்தம், பல ரீல்ஸில் மாமியார் கொடுமைக்காரியாகவும் மருமகள் சோம்பேறியாகவும் அப்படியே இருந்துவிடுகிறார்கள். வேஷம் மாறுகிறது, வசனம் மாறுவதில்லை.

பெண்பிள்ளை மணிக்கணக்கில் செல்ஃபி எடுக்கிறாள் என்று புலம்புகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. போனைப் பிடுங்க வேண்டாம். 'இதுல நீ யார் மாதிரி நிக்கிறே?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கூடவே உங்கள் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துக் காட்டுங்கள். கண்ணாடியைப் பார்த்து நெற்றிச்சுட்டியைச் சரிசெய்கிற அந்த போஸ் யார் சொல்லி நின்றது என்று அவளும் கேட்கட்டுமே!

நம் வாசகிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கிற ஒரு பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அடக்கமான பொண்ணு', 'வாயாடி', 'ஆபீஸ் மேடம்', 'பாவம் அந்த அக்கா' என்று எதுவானாலும் சரி. அந்த வேஷத்தைப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பட்டம் பொருந்துகிறதா இல்லையா என்று நாலு வரியும் எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். ஃபில்டர் வேண்டாம். எடுத்துத் தரச் சொல்லிக் கணவரிடம் போனை நீட்டவும் வேண்டாம், அவர் தலையைச் சாய்க்கச் சொல்லிவிடுவார். போனில் டைமர் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்