டாண்டியின் ஊர்

2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்த 'ஃபால்அவுட்' தொடரில், ஒரு வகுப்பறைக் கரும்பலகை சில நொடிகள் வந்துபோகிறது. ஷேடி சாண்ட்ஸ் வீழ்ந்த ஆண்டு 2277 என்று அதில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் குண்டுவெடிப்பின் படம். தொடருக்கு மூலமான கேம்களை ஆடாதவர்கள் அதைக் கடந்து போயிருப்பார்கள்; ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமின் கதை 2281இல் நடப்பது. அதில் ஷேடி சாண்ட்ஸைத் தலைநகராகக் கொண்ட குடியரசு படை, வரி, ரூபாய் நோட்டு மாதிரி தனக்கென்று ஒரு நாணயம் என்று சகல லட்சணங்களோடும் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கதையே நடக்கவில்லை என்கிறார்களா? குண்டு விழுந்தது அதற்குப் பிறகுதான் என்று பெதெஸ்டா நிறுவனத்தின் டாட் ஹோவர்ட் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இல்லாத ஊருக்கு இவ்வளவு ஆத்திரமா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த ஊர் வளர்ந்த விதம் அப்படி. 1997இல் வந்த முதல் கேமில் அது மண்சுவர் சூழ்ந்த ஒரு குக்கிராமம். அணுப்போரிலிருந்து தப்பியவர்களின் வம்சம் பூமிக்கடியில் வாழ்கிறது. அவர்களின் தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு சில்லு வேண்டும். 150 நாள் கெடுவில் அதைத் தேடிக் கிளம்பும் ஆட்டக்காரர் முதலில் எதிர்கொள்ளும் ஊர்களில் ஒன்று இது. ஊர்த்தலைவரின் மகள் டாண்டியைக் கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்டு வரலாம், வராமலும் போகலாம். 1998இல் வந்த இரண்டாம் பாகம் எண்பது ஆண்டுகள் தள்ளி நடக்கிறது. குக்கிராமம் நகரமாகி, நியூ கலிஃபோர்னியா குடியரசின் தலைநகராகிவிட்டது. கிழவியாகிவிட்ட டாண்டிதான் அதன் அதிபர். நியூ வேகாஸில் 100 டாலர் நோட்டில் அவள் முகம். ஆட்டக்காரர் எப்போதோ போகிற போக்கில் செய்த உதவி, அடுத்தடுத்த கேம்களில் வரலாறாகி நிற்கிறது.

தொடர்ச்சி என்றால் இதுதான் என்பது என் கட்சி. ஆனால் ரசிகர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டது வேறொன்றுக்காக.

முதல் இரு பாகங்களையும் வெளியிட்ட இண்டர்ப்ளே நிறுவனம் நொடித்து, மூன்றாம் பாகத்தைப் பாதியில் வைத்திருந்த பிளாக் ஐல் பிரிவு 2003இல் மூடப்பட்டது. 2007இல் பெதெஸ்டா 57.5 லட்சம் டாலருக்கு ஃபால்அவுட்டின் உரிமையை வாங்கியது. அடுத்த ஆண்டே மூன்றாம் பாகம் வந்தது. மேலிருந்து சாய்வாகப் பார்த்து, முறை வைத்துச் சண்டையிட்ட ஆட்டம், இப்போது பாத்திரத்தின் கண்வழியே பார்த்து ஓடிச் சுடும் ஆட்டமாகிவிட்டது. பெதெஸ்டாவின் முந்தைய கேமைக் குறிப்பிட்டு, 'ஆப்ளிவியன் கையில் துப்பாக்கி' என்று பழைய ரசிகர்கள் எள்ளினார்கள். பழைய மொந்தையில் புதிய கள் என்ற கோபம். அவர்களும் ஒன்றை மறந்திருந்தார்கள்: இரண்டாம் பாகம் வந்தபோது அதன்மீதும் இதே புகார் இருந்தது. டெத்கிளா என்ற பேசும் மிருகமும் சினிமாக் கேலிகளும் முதல் கேமின் இறுக்கத்தைக் கெடுத்துவிட்டன என்றார்கள். அந்த முதல் கேமே, 1988இல் இண்டர்ப்ளே உருவாக்கிய 'வேஸ்ட்லேண்ட்' என்ற கேமின் பெயர் மாறிய வாரிசு. பெயரின் உரிமை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் சிக்கியிருந்ததால் வேறு பெயரில் பிறந்தது.

நியூ வேகாஸ் வந்த பிறகுதான் சண்டை எதைப் பற்றியது என்பது விளங்கியது. அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்தில் பிளாக் ஐலின் பழைய ஆட்கள் பலர். மூன்றாம் பாகத்தின் அதே எஞ்சின், அதே கண்பார்வைக் கோணம், அதே துப்பாக்கி. ஆனால் தூற்றியவர்களில் கணிசமானோர் அதைச் சொந்தம் கொண்டாடினார்கள். மூன்றாம் பாகம் நாட்டின் மறுகோடியான வாஷிங்டனுக்குப் போய், பழைய கேம்களின் சின்னங்களை மட்டும் சுமந்து சென்றது. ஊர்களையும் மனிதர்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. நியூ வேகாஸ் மேற்குக்குத் திரும்பி, டாண்டியின் குடியரசு வளர்ந்து என்னவாயிற்று என்று பார்த்தது. அகலக்கால் வைத்த அரசு, ஹூவர் அணையின் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அலையும் அரசு, தூரத்துப் போர்முனையில் களைத்துப்போன சிப்பாய்கள். அபிமானம் இருந்தும் தயவு காட்டாத எழுத்து. கேமராக் கோணத்துக்காக நடந்த சண்டை அத்தோடு பெரும்பாலும் ஓய்ந்தது.

இதை வைத்துப் பார்த்தால், தொலைக்காட்சித் தொடர்மீது வந்த கோபத்தில் பாதி வீண். ஆண்டுக் கணக்கை ஒரு விளக்கத்தில் சரிசெய்துவிடலாம். தலைநகரை அழித்ததும் குற்றமில்லை. நகரங்கள் அழியத்தான் செய்கின்றன. அழித்த காரணம்தான் உறுத்துகிறது. ஒரு குடியரசு உள்ளிருந்து உளுத்துப் போவதற்கான அத்தனை காரணங்களையும் நியூ வேகாஸ் பொறுமையாக அடுக்கி வைத்திருந்தது. தொடரோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்ட மனைவிமீது ஒரு கணவனுக்கு வந்த வன்மத்தில் ஊரையே சாம்பலாக்கிவிட்டது. மூன்று கேம்கள் சேர்ந்து கட்டிய அரசியல், ஒரு குடும்பச் சண்டையில் தீர்ந்துவிட்டது.

இரண்டாம் பருவத்தின் கதை நியூ வேகாஸுக்கே போகிறது. அந்த கேமுக்கு நான்கு பெரிய முடிவுகள் உண்டு: குடியரசு வெல்லலாம், அதன் எதிரியான சீசரின் படை வெல்லலாம், நியூ வேகாஸை ஆளும் ஹவுஸ் வெல்லலாம், யாருக்கும் கட்டுப்படாமல் ஊர் தனித்தும் நிற்கலாம். ஒவ்வொன்றையும் தன் கையால் நடத்தி முடித்தவர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த முடிவையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவுவது தயாரிப்பாளர்களுக்குச் சுலபம். ஒன்றைத் தேர்ந்து அதன் விளைவுகளைக் காட்டினால் மற்ற மூன்று தரப்பும் திட்டும். இரண்டாம் பாகத்தை எழுதியவர்கள், டாண்டி மீட்கப்பட்டாள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதினார்கள்.